சங்கிலி மகிழ்ச்சியாக இருக்கும்வரை

பெட்டி ஒரு பக்கம் நசுங்கி வந்தது.
உள்ளே எஞ்சின், இரண்டு செங்கல் கனம்,
அதன்மேல் எண்ணெய்க் கறையோடு ஒரு கையேடு:
"சங்கிலி மகிழ்ச்சியாக இருக்கும்வரை இறுக்கவும்."
மகிழ்ச்சி எத்தனை மில்லிமீட்டர் என்று
எழுதவில்லை.

உரிமத்தை நீதிபதி எடுத்துக்கொண்டார், பதினோரு மாதத்துக்கு.
டிரக்கைக் கார்லீன் எடுத்துக்கொண்டாள், மொத்தமாக.
சர்க்கரை ஆலை ஒன்பது மைல்.
நெப்ராஸ்காவில் அக்டோபர் பிறந்துவிட்டால்
பீட் கிழங்கு யாருக்காகவும் காத்திருக்காது.
கராஜில் எனக்கென்று மிஞ்சியது
மகன் வளர்ந்து விட்டுப்போன சைக்கிள்.

பின்சக்கரத்துக்கு முப்பத்தாறு கம்பி.
இடையில் ரப்பர் வளையம் கொடுத்து
பல்சக்கரத்தை ஒன்பது போல்ட்டில் பூட்டினேன்.
நிற்கும்போது நேராகத்தான் தெரிந்தது.
சுற்றிவிட்டால் குடித்தவன் நடை.
அந்த நடை எனக்குத் தெரியும்.
ஒன்றைத் தளர்த்தி எதிரிலிருப்பதை இறுக்கி
மறுபடி தளர்த்தி
கால் திருப்பு, அரைக்கால் திருப்பு,
விரல் மரத்து, ரேடியோவில் சோள விலை சொல்லும்வரை.

பெட்ரோல் பதினாறு பங்கு, எண்ணெய் ஒன்று.
அளப்பதற்கு
இருமல் மருந்தின் பழைய மூடி,
பையன் பல் பதிந்தது.

நீலம் நீலத்தோடு, கறுப்பு கறுப்போடு.
வெள்ளைக் கம்பி சும்மா தொங்கியது. விளக்கை அதில் மாட்டினேன்.
விளக்கு எரிந்தது, எஞ்சின் நின்றது.
கழற்றினேன். எஞ்சின் ஓடியது, இருட்டில்.
இரண்டில் ஒன்றுதான் என்று ஆனபின்
ஓடுவதைத் தேர்ந்துகொண்டேன்.

பதினேழு இரவு ஓடியது.
பதினெட்டாவது இரவு, லாரி சிந்திய கிழங்கு ஒன்றில் ஏறி இறங்க,
சங்கிலி துள்ளிக் கம்பிகளுக்குள் பாய்ந்தது.
சக்கரம் பூட்டிக்கொண்டது.
நான் மட்டும் கொஞ்சதூரம் போனேன்.

பள்ளத்தில் கிடந்தவன் முகத்தில் டார்ச்.
"வெர்லின்?"

டெபுடி லெஃப்லர்.
ஏப்ரலில் இதே சாலையில் என்னை
ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னவர்,
முப்பதுவரை எண்ணச் சொன்னவர்.
பதினான்கில் சாய்ந்தேன்.

இதற்கும் உரிமம் வேண்டும். அது அவருக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.
அவர் குனிந்து எஞ்சினைப் பார்த்தார்.
பனித்தூறல் அதன் செதில்களில் விழுந்து
உஸ், உஸ் என்று ஆவியாகிக்கொண்டிருந்தது.
"ஆறிப்போய்க் கிடக்கே," என்றார்.
"ஓடாத எஞ்சின் சைக்கிளுக்குச் சுமைதானே."

பூட்டுக்கண்ணி கிடைத்தது. அதன் கிளிப் கிடைக்கவில்லை.
இருவரும் முழங்காலிட்டுச் சரளைக்கல்லைத் துழாவினோம்.
தூரத்திலிருந்து பார்த்தால்
ஏதோ ஜெபம் என்று நினைத்திருப்பார்கள்.
கடைசியில் சட்டைப்பையிலிருந்து
அபராதச் சீட்டுகளைச் சேர்த்துப் பிடித்திருந்த
கம்பிக் கிளிப்பை உருவித் தந்தார்.
வளைத்தேன், இரண்டு ஆணியிலும் சுற்றி முறுக்கினேன்.
சங்கிலி
மகிழ்ச்சியாக இருந்ததா தெரியாது. இருந்தது.

எதிர்க்காற்று. முழங்கால் வீங்கியிருந்தது.
மிதித்தால் கிளட்ச் விடும் வேகம் வரவில்லை.
"ஏறு," என்றார். டார்ச்சை அணைத்தார்.
முதுகில் ஒரு கை விழுந்தது.

ஏப்ரலில், பின்கதவில் என்னை ஏற்றும்போது
தலை இடிக்காமலிருக்க உச்சியில் அமர்ந்த கை.
எடை மறக்கவில்லை.

தள்ளினார். பூட்ஸ் சத்தம் கூடவே ஓடிவந்தது,
அவருக்கு வயது ஐம்பத்தெட்டு, மூச்சு கேட்டது.
கிளட்சை விட்டேன்.
ஒரு இருமல். இன்னொன்று.
பிறகு அந்த அசிங்கமான சத்தம்,
முழு மாவட்டமும் அறிந்த சத்தம்.
திரும்பிப் பார்க்கவில்லை. அவர் விரும்பியிருக்கமாட்டார்.

ஆலைக்கு ஏழு நிமிடம் தாமதம்.

புதுக் கிளிப் வாங்கி வைத்திருக்கிறேன்,
இருமல் மருந்து மூடிக்குள்.
இந்த ஞாயிறு மாட்டவேண்டும்.
போன ஞாயிறும் இதையேதான் சொன்னேன்.